பதினாறில் எடுத்த படம்

இடிந்து விழுந்த கான்கிரீட் தளத்துக்கு எதிரே ஸ்டுடியோக்காரர் ஸ்டாண்டை விரித்துக் கேமராவைப் பூட்டினார். அறுபதைத் தாண்டியும் குனிந்து பழகாத முதுகு. ஸ்டாண்டுதான் அவர் கண் உயரத்துக்கு ஏறி வரும்; அவர் இறங்க மாட்டார்.

அந்தத் தளத்தின் அடியில் முந்தாநாள் ஒரு கம்பி கட்டுபவன் நசுங்கிச் செத்திருந்தான். கட்டட வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்து நடத்தியவர் ஸ்டுடியோக்காரரின் கூடப்பிறந்த தம்பி. வாசல் பலகையில் இருந்தது அவர்கள் அப்பாவின் பெயர். செத்தவன் சொல்பேச்சுக் கேட்காமல் தளத்தைத் தாங்கி நின்ற ஒரு முட்டுக்காலை உருவிவிட்டான், அதனால்தான் தளம் இறங்கியது என்று தம்பி சொல்லியிருந்தார். யார்மேல் பிழை என்பதை இன்ஷூரன்ஸ்காரர்கள் படத்தைப் பார்த்து முடிவு செய்வார்களாம், நெகட்டிவும் வேண்டுமாம். அதுவரை ஒரு துரும்பையும் நகர்த்தக் கூடாதென்று வாசலில் போலீஸ்காரர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கயிற்றுக்கு வெளியே செத்தவனின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். நேற்றும் நின்றாளாம்.

“அண்ணே, முன்னாடி கெடக்குற இடிபாடு மட்டும் பளிச்னு வரட்டும். பின்னாடி எல்லாம் மங்கிடணும். கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைய எடுப்பீங்களே, அந்த மாதிரி.”

“எழவு விழுந்த எடத்துல உனக்குக் கல்யாண ஜோடனை கேக்குதா?”

தம்பி அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

ஸ்டுடியோக்காரர் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தார். லென்ஸ் முழுதாகத் திறந்திருந்தது. தளத்தின் உடைந்த விளிம்பும் பிதுங்கிய கம்பிகளும் கூராகத் தெரிந்தன. அதற்கு அப்பால் எல்லாம் பால் கலந்த தண்ணீர். லென்ஸின் துளையைச் சுருக்கும் அப்பர்ச்சர் வளையத்தைப் பதினாறுக்குத் திருப்பினார். காட்சி மாறவில்லை. மாறாது. எந்த எண்ணில் வைத்தாலும் பார்க்கும்போது லென்ஸ் திறந்தேதான் இருக்கும். படம் விழும் கணத்தில்தான் சுருங்கும்; சுருங்கினால் பின்னால் இருப்பதும் கூராக விழும். முன்கூட்டிப் பார்க்க வேண்டுமானால் லென்ஸ் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்த வேண்டும். பழக்க தோஷத்தில் அழுத்தினார்.

இருட்டு. பிறகு கண் பழகப் பழக, இடிபாட்டின் பின்னாலிருந்து முட்டுக்கால்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. வரும்போதே கண்ணில் பட்டவைதான். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கம்பங்கள் கிடப்பது அதிசயமா? ஆனால் இடிந்த தளமும் அவையும் ஒரே சட்டத்துக்குள் சேர்ந்து நின்றபோதுதான் அவர் எண்ணிப் பார்த்தார். ஒன்றல்ல. தளத்தைத் தாங்கியிருக்க வேண்டிய அத்தனையும் கழற்றப்பட்டு, வரிசையாகச் சாய்த்து, அடுத்த இடத்துக்கு ஏற்றத் தயாராகக் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. செத்தவன் ஒருவனாக இவ்வளவையும் உருவி, அடுக்கி, கட்டியும் வைத்துவிட்டா தளத்துக்கு அடியில் போய் நின்றான்?

“கான்கிரீட் இறுகறதுக்கு முன்னாடியே கழட்டச் சொன்னியா?”

தம்பி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அடுத்த வேலைக்கு ஆள் நிக்குது, முட்டு இல்ல. ரெண்டு நாள் தாங்கும்னு நெனச்சேன். நீங்க படம் புடிக்க வந்தீங்களா, விசாரிக்க வந்தீங்களா?”

அவர் விலகி நின்று கேமராவைக் காட்டினார். தம்பி குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. “இதான், இதேதான்! பின்னாடி ஒண்ணுமே தெரியல. அடிங்க அண்ணே.”

இப்போதே அடித்துவிடலாம். கழுவி வரும்வரை இவனுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் ஒருவன் முதுகுக்குப் பின்னால் காரியம் செய்வது அவர்கள் வீட்டு வழக்கமில்லை.

“அந்தப் பொத்தான அமுக்கிட்டுப் பாரு.”

“இருட்டா இருக்கே.”

“கண்ணு பழகட்டும்.”

தம்பியின் கழுத்து நரம்பு மெல்லப் புடைப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வேணாம். என்னை உள்ள தள்ளிடுவாங்க. அப்பா பேரு சந்தி சிரிச்சிடும்.”

“செத்தவன் தலையில பழியப் போட்டுட்டு, அப்பா பேர எந்த மூஞ்சியோடடா சொல்ற?”

தம்பி விடுவிடுவென்று இடிபாட்டைச் சுற்றிப் போய் முட்டுக்கால்களுக்கு முன்னால் நின்றுகொண்டார். அந்தக் கட்டின் பாதியைக்கூட அவர் உடம்பு மறைக்கவில்லை.

“இப்ப எடுங்க பாக்கலாம். கூடப் பொறந்தவன எடுங்க.”

“நகருடா.”

நகரவில்லை. ஸ்டுடியோக்காரர் மறுபடி கண்ணை வைத்தார். குவியத்தை ஓர் இழை பின்னுக்குத் தள்ளிப் பொத்தானை அழுத்தினார். மங்கிய வெளிச்சத்தில் கம்பி, கயிறு, கட்டு, தம்பியின் சட்டைப் பொத்தான் வரைக்கும் துலங்கின. பொழுது சாய்ந்துவிட்டது; இவ்வளவு சின்னத் துளைக்கு ஒரு முழு விநாடி வெளிச்சம் வேண்டும்.

“அசையாத,” என்றார்.

அரை டவுசர் காலத்திலிருந்து, அண்ணன் படம் எடுக்கும்போதெல்லாம் கேட்டுப் பழகிய சொல். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கைகளை ஒட்டவைத்துக்கொண்டு, லென்ஸையே பார்த்தபடி ஆடாமல் நின்றார்.

ஷட்டர் திறந்து மூடியது.