வால்காக்கைக்குக் கட்டின ரேடியோ செட்டு

மயிலம்மாளுக்கும் வால்காக்கைக்கும் ஏழாம் பொருத்தம். போதமலை அடிவாரத்தில், காட்டை ஒட்டினாற்போல் அவள் தோட்டம். வேலிக் கிளுவையில் கொண்டைக்குருவி வருசம் தவறாமல் கூடு கட்டும். காட்டுக்குள்ளிருந்து வால்காக்கை வந்து வருசம் தவறாமல் முட்டையைத் தின்றுவிட்டுப் போகும். ஒரு குஞ்சாவது பறந்து அவள் பார்த்ததில்லை. பாழாய்ப்போனது, தின்றதும் போதாமல் வேலிமேல் உட்கார்ந்து கத்தவும் செய்யும்.

எழுபத்தெட்டாம் வருசம் கிணறு வற்றிப்போக, புருசன் ராசப்பன் பாறையைத் துளைக்கக் கம்ப்ரசர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நாளெல்லாம் தடதடவென்று அது போட்ட சத்தத்தில் எருமை பால் சுரக்க மறுத்தது. மயிலம்மாள் வண்டிக்காரனைத் திட்டாத நாளில்லை. ஆனால் பாருங்கள், வால்காக்கை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை! குருவியோ அசராமல் அடைகாத்தது. மூன்று குஞ்சு பொரிந்ததும் அதே வண்டிக்காரனுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கிணற்றில் ஊற்று அடித்தது. ராசப்பன் துண்டைச் சுழற்றிக் குதித்தார். கம்ப்ரசர் கிளம்பிப் போனது. குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்தும் முளைக்காமலும் இருக்க, அன்று சாயங்காலமே வால்காக்கையின் குரல் கேட்டது.

விடிந்ததும் ரேடியோ செட்டுக் கட்டும் சடையனிடம் ஓடினாள். என்ன விசேசம் என்று கேட்டவனை, வந்து கட்டு, அப்புறம் சொல்கிறேன் என்று இழுத்துவந்து, வேப்பமரத்தில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிப் பாட்டுப் போட வைத்தாள். வால்காக்கை போன இடம் தெரியவில்லை. ராசப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

குழாய் பாடினால் ஊருக்கு விசேசம் என்று அர்த்தம். அதை அவள் மறந்தே போனாள். மறுநாள் உச்சிவெயிலுக்குள் உறவுமுறையெல்லாம் வந்து இறங்கிவிட்டது. முன்னால் பக்கத்தூர் அண்ணன் சின்னுசாமி, தலையில் உருமால், கையில் தேங்காய் பழத் தட்டு, மூஞ்சி கடுகடுவென்று. தாய்மாமனுக்குச் சொல்லாமல் காதுகுத்தா என்று பிடித்துக்கொண்டார். மீசை முளைத்த மகனுக்கா காது குத்துகிறாள் என்று பின்னால் ஒரே சிரிப்பு.

மயிலம்மாள் அண்ணனை வேலியோரம் உட்காரவைத்துக் கூட்டைக் காட்டினாள். காட்டிய நேரம், குஞ்சுகள் வெளியே குதித்தன. இரண்டு குஞ்சு வேப்பமரத்தில் ஏறிக்கொண்டன. மூன்றாவது தத்தித் தடுமாறி நேராகச் சின்னுசாமியின் மடியில் விழுந்தது. காதுகுத்துப் பிள்ளை உட்காரும் அதே தாய்மாமன் மடி. அவர் மூச்சுக்கூட விடவில்லை.

"பாட்ட நிறுத்திப்போடாத சாமி," என்றார் சடையனிடம்.

குஞ்சு சிலிர்த்துக்கொண்டு பறந்தது. அவர் தட்டைத் தங்கையிடம் நீட்டினார்.

"இந்தா அம்முணி, மாமன் சீரு."