லோஜினி சொல்ல இருந்தது

மகளின் மூச்சைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் ஜெயந்திரன் நினைத்திருந்தார். லோஜினிக்கு மூன்று வயதில் ஆஸ்மா வந்தது. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து மூன்று தலைமுறை ஆகியும் அவர் வீட்டில் அதற்கு 'முட்டு' என்றுதான் பேர். எந்த மாதம் முட்டு வந்தது, எத்தனை முறை ஆவி கொடுத்தார்கள், எந்த மருந்து சாப்பிட்டு உடம்பில் தடிப்பு வந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பெட்டாலிங் ஜெயாவில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் தொழிற்சாலையில் அவர் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். எங்கே குறை இருக்கிறது என்று தேடி எழுதிவைப்பதுதான் தொழில். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த வீட்டுக்கும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார்.

ஒன்பது வயதில், பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியின்போது, லோஜினி திடலிலேயே மூச்சுத் திணறி விழுந்தாள். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்ததும் ஜெயந்திரன் ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு அவளிடம் கொடுத்தனுப்புவார். மகளை ஓடவிட வேண்டாம் என்று கடிதம். இப்போது அவளுக்குப் பதினாறு. இடைநிலைப் பள்ளியில் ஃபார்ம் ஃபோர் படிக்கிறாள்.

துன் சம்பந்தன் சாலையில் மாடியில் இருந்த டாக்டர் மார்க்கிரட்டின் கிளினிக்கில்தான் எப்போதும் காட்டுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் கிளினிக் ஓர் ஆப் தொடங்கியது. பிள்ளைகளின் பதிவுகளைப் பெற்றோர் தங்கள் ஃபோனிலேயே பார்க்கலாம். முதல் நாளே பதிவு செய்துகொண்டவர் ஜெயந்திரன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தொழிற்சாலையில் டீ நேரம். ஃபோன் அதிர்ந்தது. 'லோஜினி ஜெயந்திரன்: இன்றைய வருகைக் குறிப்பு சேர்க்கப்பட்டது.'

அவர் டீயைக் கீழே வைத்தார். இந்த நேரத்தில் அவள் டியூஷனில் அல்லவா இருக்க வேண்டும்? முட்டு வந்துவிட்டதா? பயத்தில்தான் திறந்தார். ஆனால் முதல் வரியிலேயே பயம் போய்விட்டது. 'ஆஸ்மா நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று டாக்டர் எழுதியிருந்தார். அங்கேயே மூடி வைத்திருக்கலாம். மூடவில்லை.

'தனியாக வந்தாள். மூன்று மாதமாகப் பள்ளிக் குறுக்கோட்ட (கிராஸ் கன்ட்ரி) குழுவில் பயிற்சி. நான்கு கிலோமீட்டர் ஓடுகிறாள். வீட்டுக்குத் தெரியாது. இந்த வருடம் அப்பாவின் கடிதத்தைப் பள்ளியில் கொடுக்கவில்லை. அப்பா அறைக்கு வெளியே நின்று தன் மூச்சைக் கேட்பாராம். அவர் நிற்பது தெரிந்தால் மூச்சை அடக்கிக்கொள்வாளாம். சொல்லும்போது அழுதாள். இரண்டு வாரம் காலையும் மாலையும் மூச்சை அளக்கும் மீட்டரில் ஊதி, அளவைக் குறித்து வரச் சொல்லியிருக்கிறேன்.'

கடிதத்தைக் கொடுக்கவில்லை என்பதைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. திரும்பப் படித்தபோது கோபம் நிலைக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொள்வாளாம். சத்தமே இல்லை, நன்றாகத் தூங்குகிறாள் என்று நிம்மதியாகப் போய்ப் படுத்த நாட்களை நினைத்துக்கொண்டார். டீ ஆறிப்போனது.

வீட்டுக்குப் போகும் ரயிலில் ஒரு முடிவுக்கு வந்தார். எதுவும் கேட்கக் கூடாது, திட்டக் கூடாது, தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளக் கூடாது. அந்த வாரம் முழுக்க, இன்ஹேலரைப் பற்றி, 'பம்ப் எடுத்தியா?' என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அவள் தாமதமாக வந்த அன்று, "பசிக்குதாமா?" என்று மட்டும் கேட்டார். இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைக்கும் என்று ஒரு நிமிடம் அவருக்கே தோன்றியது. சனிக்கிழமை கடைக்குப் போய் ஒரு ஜோடி ஷூ வாங்கிவந்தார்.

லோஜினி பெட்டியைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. பிறகு ஷூவைத் திருப்பிப் பார்த்தாள்.

"ரன்னிங் ஷூவாப்பா?"

"சேல் போட்டிருந்தான்லா. நடக்கவும் போட்டுக்கலாம்."

அவள் ஷூவைக் கீழே வைத்தாள். "நாலஞ்சு நாளா நீங்க ஒரு மாதிரி இருக்கீங்க. எதுவுமே கேக்க மாட்றீங்க."

"கேக்காட்டியும் தப்பா?"

"உங்க ஃபோனைக் குடுங்கப்பா."

மறுத்திருக்கலாம். ஏனோ கொடுத்துவிட்டார். அவள் நின்றுகொண்டே படித்தாள். டாக்டரிடம் தான் சொன்னதெல்லாம் அங்கே வரி வரியாக இருந்தது. அழுததுகூட இருந்தது. படித்து முடித்து ஃபோனை மேசையில் வைத்தாள்.

"உங்ககிட்ட சொல்லத்தான் நான் டாக்டர்கிட்டயே போனேன். நான் ஓடலாம்னு அவங்க லெட்டர் குடுத்ததும் அதைக் காட்டி நானே சொல்லலாம்னு இருந்தேன். கிள்ளான்ல ரேஸ் இருக்கு, உங்க சைன் வேணும். எப்படிச் சொல்றதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கூட வச்சிருந்தேன்."

"அதான் இப்ப தெரிஞ்சிடுச்சேமா. நான் திட்டவே இல்லையே."

"திட்டியிருந்தாக்கூடப் பரவால்லப்பா," என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குப் போய்விட்டாள்.

சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சுதர்சினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணவர் எதிரில் உட்கார்ந்தாள். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை செய்பவள், சுற்றி வளைத்துப் பேச மாட்டாள்.

"உங்க மேனேஜர் உங்க மெடிக்கல் ரிப்போர்ட்டைப் படிச்சிட்டு, மறுநாள் ஒண்ணும் தெரியாத மாதிரி உங்களுக்கு கேக் வாங்கிக் குடுத்தா எப்படி இருக்கும்?"

"நான் அவ அப்பா, சுதா."

"அதனாலதான் அவளுக்கு இவ்ளோ வலிக்குது."

லோஜினி சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள். ஷூ அரை சைஸ் சின்னதாக இருந்தது. சுதர்சினிதான் கொண்டுபோய் மாற்றிவந்தாள். மாற்றிவந்த பெட்டி திறக்கப்படாமல் அலமாரிக்கு மேலே இருந்தது.

டாக்டர் சொன்ன இரண்டு வாரம் முடிந்ததும் ஆப்பில் இன்னொரு செய்தி வந்தது. 'லோஜினி ஜெயந்திரன்: சந்திப்புக்கு வரவில்லை. மருந்து பெற்றுக்கொள்ளவில்லை.'

ஜெயந்திரன் அதைச் சுதர்சினியிடம் காட்டினார்.

"ட்ரெய்னிங்கும் போறதில்ல," என்றாள் அவள். "அவகூட ஓடற ஜானிஸ் ரெண்டு தடவை ஃபோன் பண்ணிக் கூப்பிட்டா. நான் கேட்டேன். டாக்டர்கிட்ட என்ன சொன்னாலும் அப்பா ஃபோனுக்குத்தானே வரும், அப்புறம் எதுக்குப் போகணும்னு சொல்றா."

அப்போதுதான் அவருக்கு உண்மையாகவே பயம் வந்தது. இத்தனை வருடம் பயந்தது வேறு, இது வேறு. நாளைக்கு நிஜமாகவே நெஞ்சு இறுக்கினாலும் இவள் டாக்டரிடம் வாய் திறக்க மாட்டாள். மறுநாள் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

கவுண்டரில் இருந்த தனலெட்சுமி எட்டிப் பார்த்தாள். "லோஜினி வரலியா அங்கிள்?"

"இல்லமா. இன்னிக்கு நான்தான் பேஷண்ட்."

டாக்டர் மார்க்கிரட்டுக்கு அறுபது தாண்டியிருந்தது. ஜெயந்திரன் சொன்னதை நடுவில் நிறுத்தாமல் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது நமக்குள்ளதான் இருக்கும்னு நான் அவகிட்ட வாக்கு குடுத்தேன், ஜெயா. ஆப்ல மருந்தும் தேதியும்தான் வரும்னு நெனச்சிருந்தேன். நான் எழுதற நோட்ஸும் நேரா உங்க ஃபோனுக்கு வரும்னு எனக்கே தெரியாது. இப்ப நானும் அவகிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சு."

"நான் திறக்காம இருந்திருக்கலாம், டாக்டர்."

"இருந்திருக்கலாம்," என்றார் டாக்டர். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

தனலெட்சுமியை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆப் செய்துகொடுத்தவர்கள் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே மாதிரி எல்லாப் பதிவுகளையும் திறந்துவைத்திருந்தார்கள். அதை மாற்ற ஒரு விண்ணப்பப் பாரம் இருந்தது. எதைப் பெற்றோர் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று தனித்தனியாகக் கட்டம் போட்டிருந்தது. இதுவரை யாரும் அந்தப் பாரத்தைக் கேட்டதில்லையாம்.

"ட்ரீட்மெண்டுக்கு உங்க சம்மதம் வேணும், அது வேற," என்றார் டாக்டர். "ஆனா அவ என்கிட்ட பேசறது அவளோடது. உயிருக்கு ஆபத்துன்னா நானே உங்களைக் கூப்பிடுவேன். அதையும் அவகிட்ட முதல்லயே சொல்லிடுவேன். ரெண்டு பேரும் சைன் போட்டுக் கொண்டாங்க."

சனிக்கிழமை காலை ஜெயந்திரன் மகளை ரொட்டி சானாய் சாப்பிடக் கூட்டிப்போனார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று நினைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். ரொட்டி வந்ததும் பாரத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் படிச்சது தப்புமா. படிச்சிட்டுத் தெரியாத மாதிரி நடிச்சது அதைவிடப் பெரிய தப்பு. நீ வந்து சொல்றதுக்கு நான் இடமே குடுக்கல."

லோஜினி பாரத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"எல்லாத்தையும் மூட முடியுமா?"

"முடியும். நீ எப்படிச் சொல்றியோ அப்படி."

"மூடிட்டா உங்களுக்கு பயமா இருக்காதா?"

"இருக்கும். அது என் பயம்மா. நீ அதையும் சேர்த்துத் தூக்க வேணாம்."

அவள் சற்று நேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலைத் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"அலர்ஜி, மருந்து லிஸ்ட் நீங்க பாக்கலாம். எமர்ஜென்சின்னா நீங்கதானே சொல்லணும்."

"அப்பாயிண்ட்மெண்ட் தேதி?"

"ஓகே."

"டாக்டர் நோட்ஸ்?"

"நோ லா."

"டெஸ்ட் ரிசல்ட்?"

அவள் யோசித்தாள். "அதை நானே காட்டுவேன்."

"எப்ப?"

"அப்பா!"

"சரி, சரி."

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கிளினிக்கில் பாரத்தை வாங்கிய தனலெட்சுமி, ஓரத்தில் இருந்த பருப்புக் கறையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். லோஜினி தனியாக உள்ளே போனாள். ஜெயந்திரன் கீழே இறங்கி, ஒரு டீ குடித்து, பேப்பரை முழுவதும் படித்தார். அவள் வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று அவர் கேட்கவில்லை. "டாக்டர் என்கிட்ட சாரி சொன்னாங்கப்பா," என்று அவளே சொன்னாள். அவ்வளவுதான். சொன்னபோது கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் பயிற்சிக்குப் போனாள். காலையும் மாலையும் அவள் அறையிலிருந்து மீட்டரில் ஊதும் சத்தம் வந்தது. எத்தனை வந்தது என்று கேட்க ஜெயந்திரனுக்கு நாக்கு துடித்தது. ஒருநாள் கேட்டேவிட்டார். "இது என்னோட புக்," என்று சிரித்துக்கொண்டே நோட்டை மூடிக்கொண்டாள்.

இரண்டு வாரம் முடிந்து டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அவள் கூடத்துக்கு வந்து டிவியை அணைத்தாள்.

"அப்பா, அம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். உக்காருங்க."

இருவரும் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்கள். அவள் மடித்த ஒரு தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினாள். குழுவில் ஆள் குறைகிறது என்று ஜானிஸ் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போனதிலிருந்து ஆரம்பித்தாள். முதல் நாள் திடலை அரைச் சுற்றுகூடச் சுற்ற முடியவில்லை. ஆசிரியர் நடக்கச் சொன்னார், நடந்தாள். மறுநாளும் நடந்தாள். மூன்றாம் வாரம் ஒரு முழுச் சுற்றும் நிற்காமல் ஓடியபோது, முடித்துவிட்டோம் என்பதே தெரியாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓடிப்போனாளாம். பாதியில் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தாள்.

முதல்முறையாகக் கேட்பதைப் போல உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் ஜெயந்திரன் நினைத்திருந்தார். அதற்குத் தேவையே இருக்கவில்லை. அவர் படித்தது சில வரிகள்தான். இதில் எதுவும் அங்கே இல்லை.

கடைசியில் அவள் டாக்டரின் கடிதத்தையும் பள்ளியின் அனுமதிப் பாரத்தையும் நீட்டினாள்.

"ஓடறதுக்கு முன்னாடி எத்தனை நிமிஷம் வார்ம்-அப்?" என்று கேட்டார்.

"பதினஞ்சு."

"பம்ப் யார்கிட்ட இருக்கும்?"

"என் பாக்கெட்ல ஒண்ணு, டீச்சர்கிட்ட ஒண்ணு."

"மழை பெஞ்சா?"

"சைன் போடுங்க," என்றாள் சுதர்சினி. போட்டார்.

கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் போனார்கள். தொண்ணூற்றாறு பேர் ஓடினார்கள். ஜெயந்திரன் ஒரு திருப்பத்தில் வெயிலில் நின்றார். சுதர்சினி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லோஜினி வந்தாள். வாயைத் திறந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், ஒரே சீராகக் காலை வைத்து அவர்களைத் தாண்டிப் போனாள். அவள் மறையும்வரை அவர் கையைத் தூக்கியபடியே நின்றார். ஜானிஸ் பன்னிரண்டாவதாக வந்தாள். லோஜினி நாற்பத்தொன்றாவது.

பிறகு கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் வாழை இலைச் சாப்பாடு. லோஜினி மூன்றாவது முறை சோறு வாங்கினாள்.

"எப்படிமா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"கடைசி ஒரு கிலோமீட்டர் செத்துட்டேன்பா."

அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"சும்மா சொன்னேன்லா," என்று அவள் சிரித்தாள். "எனக்கு இன்னொரு அப்பளம் வேணும்."

ஜெயந்திரன் திரும்பிப் பரிமாறுபவரைத் தேடினார். "அண்ணே, இங்க அப்பளம்," என்று கூப்பிட்டவர், ஒரு நொடி கழித்து, "எனக்கும் ஒண்ணு," என்றார்.