கை தவறல்

கருவுற்ற எலிகளுக்குத் தினமும் காலை ஒன்பது மணிக்கு மருந்து. மருந்து என்று அந்தப் பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் சொல்வது பழக்கதோஷம். உள்ளே போவது செருப்புப் பசையில் கலக்கும் ஒரு கரைப்பான். எலியின் பிடரியைப் பிடித்து, முனை மழுங்கிய குழாயை வாய் வழியே இரைப்பைவரை இறக்கி, எண்ணெயில் கலந்ததை மெல்லச் செலுத்த வேண்டும். குழாய் உணவுக்குழாயைக் கிழித்தாலோ மூச்சுக்குழலுக்குள் இறங்கினாலோ எலி செத்துப்போகும். அப்படிச் செத்தால் பழி கரைப்பான்மேல் இல்லை, பிடித்தவன்மேல். பதிவேட்டில் அதற்குக் 'கை தவறல்' என்று பெயர். கை தவறிச் செத்த தாய் ஆய்வு முடிவில் சேராது. அதன் வயிற்றில் இருந்தவையும் சேராது.

எட்டு வருடத்தில் அவன் கை ஒருமுறைகூடத் தவறியதில்லை. மனைவி பிரசவத்தில் போய், பிள்ளையும் தங்காமல், மூன்றாவது வாரம் அவன் வேலைக்குத் திரும்பினான். அந்த வாரத்திலேயே இரண்டு தாய்கள் செத்தன. இரண்டுமே அதிக அளவு கொடுக்கப்பட்ட குழுவில் இருந்தவை.

வலி எடுத்த அன்று, மழை விடட்டும் என்று முக்கால் மணி நேரம் வாசலில் நின்றவன் அவன். அதற்குப் பிறகு வீட்டில் பால் திரிந்தால்கூடத் தன்னால்தான் என்று தோன்றியது. எலிகள் செத்தபோதும் அப்படியே தோன்றியது. அறுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. நுரையீரலையும் உணவுக்குழாயையும் கருப்பையையும் எடுத்தான், பிளந்து பார்க்காமல் முழுசாக ஜாடியில் போட்டான், 'கை தவறல்' என்று எழுதிக் கையெழுத்திட்டான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், கை நடுங்காதா என்று விட்டுவிட்டார்கள்.

மற்ற எலிகள் தாக்குப்பிடித்தன. குட்டிகளின் எடை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். கருவுக்குக் கெடுதல் இல்லை என்று அறிக்கை தயாரானது. செருப்புக்குப் பசை ஒட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் கொழுந்தியாள், தலைப்பிரசவம், ஐந்தாம் மாதம், அவனிடம் கேட்டபோது எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் அவனும் சொன்னான்.

அறிக்கை கையெழுத்தாக நான்கு நாள் இருந்தது. ஜாடிகளைக் கிடங்குக்கு அனுப்ப அவனும் கூண்டு கழுவும் அக்காவும் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா வாய் ஓயாதவள். அவனுக்கு 'ஊமை' என்று பேர் வைத்ததே அவள்தான். 'கை தவறல்' என்று ஒட்டியிருந்த இரண்டு ஜாடிகளையும் தூக்கிப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"இது எப்ப தவறுச்சு? கூண்டைப் பிடிச்சிட்டுப் பக்கத்துலயே நின்னேனே. உனக்கு எங்க நடுங்குச்சு? மரக்கட்டை மாதிரில்ல நின்னே."

"செத்துப்போச்சேக்கா."

"ரெண்டுமே சாயங்காலம்தானே செத்துச்சு. நீ காலையில கொடுத்துட்டுப் போனப்புறம் தீனி தின்னுச்சு. நான்தான் போட்டேன்."

குழாய் தவறிய எலி தீனி தின்னாது. அவன் ஜாடிகளை வாங்கிக்கொண்டு அறுவை மேஜைக்குப் போனான்.

உணவுக்குழாயை நீளவாக்கில் பிளந்தான். ஊசிமுனை அளவு ஓட்டைகூட இல்லை. நுரையீரலைத் துண்டு துண்டாக வெட்டினான். எண்ணெய்ப் பிசுக்கு எங்கும் இல்லை. இரண்டாவது எலிக்கும் அப்படியே. கருப்பைகளைக் கடைசியாகத் திறந்தான். ஒன்றில் பன்னிரண்டு கருக்களில் ஒன்பது கரைந்து கருத்த பொட்டுகளாக இருந்தன. மற்றதில் பதின்மூன்றும். அவன் இரண்டு முறை எண்ணினான்.

பிரிவின் தலைவருக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துத்தான் பேசுவார். தட்டில் வைத்துக் கொண்டுபோனதை எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டே எலிகள், தற்செயலாகவும் செத்திருக்கலாம் என்றார். அறிக்கைத் தேதி தள்ளிப்போகும் என்றார். அவன் நகரவில்லை.

"உன் கையெழுத்துப்பா அது. இப்ப மாத்தினா, ஏன் அன்னிக்கே பாக்கலைன்னு கேப்பாங்க. இந்த ஒண்ணோட நிக்காது, எட்டு வருஷத்து வேலையையும் கிளறுவாங்க. நீ துக்கத்துல இருந்தே. யாரும் உன்னைக் குத்தம் சொல்லலையே. நீயா ஏன் போய்த் தலையைக் கொடுக்கறே?"

அவர் அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. பழைய சொல் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் புதியதை எழுதி, தேதியும் காரணமும் குறிக்க வேண்டும். அவர் மேஜையிலேயே பதிவேட்டைத் திறந்து இரண்டு 'கை தவறல்'களுக்கும் கோடு போட்டான். 'மருந்தின் விளைவாக இருக்கலாம். சேர்க்க வேண்டும்' என்று எழுதினான். காரணத்துக்கு விட்ட இடம் அரை விரல் அகலம்தான். 'பார்க்காமல் எழுதினேன்' என்பது அதில் அடங்கியது.

தராசு பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். பிறகு, நாளையிலிருந்து குழாய் பிடிக்க வேண்டாம் என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தான்.

பட்டறை வாசலில் மதிய இடைவேளை. கொழுந்தியாள் வயிற்றைத் தாங்கியபடி வந்தாள். வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்றான். ஜாடியில் பார்த்ததைச் சொன்னான், ஒன்பது என்றும் பதின்மூன்று என்றும்.

அவள் விரல் நுனிகளில் காய்ந்திருந்த பசையைத் தோல்போல உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"வேலைக்குச் சேர்ந்த மூணு மாசமா இதுலதானே கையை வச்சிட்டிருக்கேன்."

அவன் சுவரில் சாய்த்திருந்த அவள் பையை எடுத்துக்கொண்டான். அவள் உள்ளே திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு அவனோடு நடந்தாள். பஸ் வர நேரமாயிற்று. நிறுத்தத்தில் நின்ற நேரமெல்லாம் அவள் பசையை உரித்துக்கொண்டே இருந்தாள். விரலில் ஒன்றும் மிச்சமில்லாமல் ஆன பிறகும்.