மூடிக்கு வைத்த சந்தனம்

என் டாக்ஸி வழியில் நின்றது என்று எவனாவது சொன்னால் சண்டைக்கே போவேன். அன்றைக்கு நின்றது. அதுவும் இரண்டு தடவை!

ஆயுத பூஜை கழித்து வண்டியை எடுத்த முதல் சவாரி. செங்கல்பட்டில் ஜெசிந்தாவும் அவள் அம்மா சந்திரம்மாவும் ஏறினார்கள். மகாபலிபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஜெசிந்தாவுக்கு டீச்சர் வேலை. காலை மணி அடிப்பதற்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் இடம் கிடைக்காமல் என்னிடம் வந்திருந்தார்கள். ஊரார் வயலில் நாற்று நட்டே மகளைப் படிக்கவைத்தவள் சந்திரம்மா.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வண்டி இருமி இருமி நின்றது.

"இன்னா அண்ணாத்த, பூடுச்சா?" ஜெசிந்தா தலையை வெளியே நீட்டினாள்.

"குந்துமா. எந்த வண்டியும் என் கையில வாலாட்டாது."

பானெட்டைத் திறந்தேன். பெட்ரோல் பம்பின் கண்ணாடிக் கிண்ணம் காய்ந்து கிடந்தது. டாங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, வாய் வைத்து ஊதினேன். பின்னால் டாங்குக்குள் குடகுடவென்றது. மாட்டிக் கிளப்பினேன், வண்டி பறந்தது.

"பாத்தியா? குழாயில தூசி. அவ்ளோதான்" என்று மீசையை முறுக்கினேன்.

கடல்காற்று முகத்தில் படும் இடத்தில் மறுபடியும் நின்றது. வந்த கோபத்தில் டயரை எட்டி உதைத்தேன். சந்திரம்மா இறங்கிவிட்டாள்.

"நடந்துடலாம் வாடீ."

நடந்தால் முதல் பாடமே முடிந்திருக்கும். "ஏறு தாயி! நான் கீறேன் இல்ல?" என்று அதட்டினேன்.

குழாயைக் கழற்றி, பம்பின் வாயில் விரலை வைத்து, பம்பின் கைப்பிடியை மேலும் கீழும் அசைத்தேன். விரலைக் கவ்வி இழுத்தது. பம்பு நல்ல பம்பு. குழாயில் அடைப்பில்லை. ஊதினால் மட்டும் கொஞ்ச தூரம் ஓடுகிறது. அப்படியென்றால் டாங்குதான் பெட்ரோலை விடமாட்டேன் என்கிறது!

குழாயை மாட்டிவிட்டுப் பின்பக்கம் ஓடி டாங்கு மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியைப் பார்த்தேன். அடிப் பாவி அம்சா! பூஜையன்று ஹாரன், விளக்கு ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்த என் பெண்டாட்டி, மூடிக்கும் கெட்டியாகச் சந்தனம் அப்பியிருந்தாள். காற்றுப் போக நடுவில் இருந்த துளை அடைத்துக்கொண்டது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி வெளியே வரும்? நான் ஊதிய மூச்சில்தான் வண்டி இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது.

"கொண்டை ஊசி கீதாமா?"

ஜெசிந்தா உருவிக் கொடுத்தாள். குத்தினேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அப்புறம் ஓட்டினேன் பாருங்கள் ஓர் ஓட்டம்! பள்ளி வாசலில் நிறுத்தும்போது பியூன் மணி அடிக்கும் கட்டையைக் கையில் எடுத்துவிட்டான். அவிழ்ந்த கொண்டையோடு ஜெசிந்தா உள்ளே ஓடினாள். மணி அடித்தது.

சந்திரம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். "உள்ள போயேன்" என்றேன்.

"வேணாம் நைனா. நம்மள யாரு உள்ள வுடுவாங்க?"

ஜெசிந்தா திரும்பி வந்தாள். விரலில் மை.

"கையெழுத்து போட்டாச்சும்மா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். "இன்னாத்துக்கு இங்கியே நின்னுகினு கீற? வா, உள்ள வா. நான் இங்க டீச்சரு."