கருப்பின் பதில்

ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் இழுக்க வேண்டும், பிளக் பாயிண்ட் இந்த ஸ்டூலுக்குப் பின்னால்தான் இருக்கிறது, செஸ் போர்டை எடுத்து எங்கேயாவது போடு என்று மகன் மணிமாறன் சொன்னதும் அம்சவள்ளி எழுந்து போய் இரண்டு கையாலும் போர்டைத் தூக்கினாள். காய்களுக்கு அடியில் சின்ன ஆணி உண்டு, கட்டத்துக்குக் கட்டம் துளை உண்டு. ஒன்றும் விழாது. ஆனாலும் நிறைகுடத்தைத் தூக்கியவள் மாதிரி மெல்ல நடந்து பிரிட்ஜ் மேல் வைத்தாள். காயெல்லாம் பிடுங்கிப் பையில் போடட்டுமா என்று மகன் கேட்டான்.

"அப்டியே கெடக்கட்டும்டா. கை வெக்காத."

அவள் புருஷன் கண்ணையன் விடிகாலை ஐந்தேகாலுக்குத் தூக்கத்திலேயே போயிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் இருபத்தாறு வருடம் கண்டக்டர். சர்க்கரை முதலில் கண்ணைப் பிடுங்கியது, பிறகு கிட்னிக்கு வந்தது. வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ். வந்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கஷ்டப்படாமல் போய்விட்டார், அதுவரைக்கும் புண்ணியம் என்றார்கள். அவளும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் மனசில் ஓடியது வேறு. கண் தெரியாத மனுஷனை மூன்று மாதம் ஏமாற்றினோமே, அது அவருக்குத் தெரியுமா தெரியாதா? இனி யாரிடம் போய்க் கேட்பது?

சொந்தக்காரர்களுக்குச் செஸ் என்றாலே சிரிப்புதான். தெருவில் அவரோடு ஆட ஆள் இல்லை. அவரும் தேடவில்லை. அவரிடம் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் ஆடிய இருநூறு ஆட்டம், முதல் காயிலிருந்து கடைசிக் காய் வரை அதில் அச்சாகியிருந்தது. வெள்ளை அடுத்து என்ன ஆடியிருக்கும் என்று யோசித்துச் சொல்வார், பிறகு பார்ப்பார். சரியாக இருந்தால் அடுத்ததற்குப் போவார். தப்பாக இருந்தால் அவன் ஏன் அப்படி ஆடினான் என்று அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பார். தப்பாகப் போகிற இடத்தில்தான் படிப்பே இருக்கிறது என்பார்.

கண் போன பிறகு புத்தகம் அவள் மடிக்கு வந்தது. எட்டாவது படித்தவளுக்கு ஏ பி சி டியும் நம்பரும் தெரியாதா என்ன? சாயங்காலம் கட்டிலில் எதிரெதிரே உட்காருவார்கள். அவர் காயைத் தடவித் தடவி, "என் எஃப் மூணு" என்பார். என் என்றால் குதிரை, க்யூ என்றால் ராணி, மிச்ச எழுத்தும் நம்பரும் கட்டத்தின் பெயர். அவள் புத்தகத்தைப் பார்த்து, சரி என்றோ இல்லை என்றோ சொல்வாள். இல்லையென்றால் வெள்ளை ஆடியதையும் படிப்பாள். அப்புறம் கருப்பு ஆடிய பதிலைப் படிப்பாள். குதிரை எப்படிப் போகும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

ஆடி மாதம் ஒருநாள், டயாலிசிஸ் முடிந்து வந்த சாயங்காலம், அவர் சொன்னது வரிசையாக ஐந்து தப்பு. போர்டைத் தள்ளிவிட்டு, மூளையும் போச்சு என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சோறு வேண்டாம் என்றுவிட்டார். மறுநாளிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் அம்சவள்ளி சரி என்றாள். கருப்பின் பதிலை மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே படித்தாள். அவர் முகம் தெளிந்தது. சில சமயம் அவள் பதிலைப் படித்ததும் விரல் போர்டின் மேல் நின்றுவிடும். வெகு நேரம் தடவுவார். பிறகு சிரித்துக்கொள்வார். ஏமாந்துவிட்டார் என்று அவள் நிம்மதிப்பட்டாள்.

பதினோரு மணிக்குத் திண்டிவனத்திலிருந்து சவுரிராயன் வந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு காலத்தில் கண்ணையன் பஸ்ஸில் தினமும் ஏறி, விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் ஒரு செஸ் கணக்கு போடுகிறவர். அம்சவள்ளி அவரைப் போனில்தான் அறிவாள். மாலையைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். நிமிர்ந்தபோது பிரிட்ஜ் மேலிருந்த போர்டு கண்ணில் பட்டது. கிட்டப் போய்ப் பார்த்தார். அவள் பின்னாலேயே போனாள்.

"அண்ணே, உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்," என்று ஆரம்பித்து, அடுக்களை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சாமி முன்னால்கூடச் சொல்லாததை இந்த மனிதரிடம் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவருக்குத் தெரியும்மா. மொத நாளே தெரியும்."

"எப்டிண்ணே? நான் வாயே தொறக்கலியே."

"கருப்புக் குதிரை ஈ அஞ்சுல வெட்டுதுன்னு நீங்க படிப்பீங்க. அவர் போர்டுல அந்தக் கட்டத்துல காயே இருக்காது. அப்ப வெள்ள அங்க எதையோ வெச்சிருக்கணும் இல்ல? அது எதுன்னு தடவிக்கினே யோசிப்பாராம். கண்டுபுடிச்சிக் காயை மாத்தி வெச்சிக்குவாராம். பதிலை வெச்சிக் கேள்வியக் கண்டுபுடிக்கறது. இப்பதான், சவுரி, நான் ஒழுங்காப் படிக்கறேன்னு சொல்லுவாரு. நீங்க மார்க்கெட் போற நேரமாப் பாத்துப் போன் பண்ணுவாரு."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொன்னா அவ வெக்கப்பட்டுப் படிக்கறத நிறுத்திடுவா, அப்பறம் யாரு எனக்குப் படிப்பான்னாரு."

அவளுக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. மூன்று மாதம் ஒரே கட்டிலில் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து, அவர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் தனித்தனியாகவே இருந்திருக்கிறார்கள். பெட்டியின் மூடியைத் தட்டி எழுப்பி, ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும் போலிருந்தது. சவுரிராயன் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போதுதான் நேற்றைய ஞாபகம் வந்தது.

"நேத்து சாயங்காலம் கடைசியா ஒண்ணு சொன்னாருண்ணே. குதிரைய ஜி ஒண்ணுக்குன்னு. குக்கர் விசிலடிச்சிது. புக்கப் பாக்காமலே சரின்னுட்டு எழுந்து போயிட்டேன். கருப்போடத படிக்கல. வர்றதுக்குள்ள படுத்துட்டாரு. காலையில பாத்துக்கலாம்னாரு."

சவுரிராயன் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அவள் மடித்து வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தார். போர்டையும் புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வெளியே பந்தல்காரர்கள் கயிறு இழுக்கும் சத்தம் கேட்டது.

"இதேதாம்மா. புக்குல அவன் ஆடினதும் இதான். குதிரையைப் பொறப்பட்ட கட்டத்துக்கே திருப்பிக் கொண்டு போறது. எனக்குத் தோணியிருக்காது."

"சரியாத்தான் சொன்னாரா?"

"சரியாத்தான் சொன்னாரு."

அவள் பிரிட்ஜ் மேலிருந்த போர்டைப் பார்த்தாள்.

"ஆனா நான் எல்லாத்துக்குந்தானே சரின்னுக்கினு இருந்தேன். இது நெசமாவே சரின்னு அவருக்கு எப்டிண்ணே தெரியும்?"

தெரிந்திருக்கும் என்று சொல்லிவிடலாம்தான். சவுரிராயனுக்கு வாய் வரவில்லை.

"கருப்பு பதில் வந்தாத்தான் தெரியும்மா," என்றார்.

அம்சவள்ளி அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் விலகி இடம் விட்டார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடி மூடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். இன்னாம்மா இது என்று மணிமாறன் எழுந்து வந்தான். சவுரிராயன் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

அவள் வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டாள்.

"என் ஜி ஒண்ணு. சரிங்க," என்றாள். "பாத்துட்டுத்தான் சொல்றேன்."

பிறகு குனிந்து, பதிலைப் படித்தாள்.

"க்யூ சி ஏழு."

அடுத்த வரிக்குப் போகாமல், அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.