திரும்பிப் போன மூன்று கடிதங்கள்

போரில் இறந்தவர்களின் பெயர்களைச் சுவரில் பொறிக்கப் போவதாகச் செய்தி வந்ததும், அவள் தன் பெரியப்பாவின் பெயரையும் எழுதி அனுப்பினாள். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுப்பவள் அவள். மயிரிழை பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். ஆனால் திரும்பி வந்த பதிலை நாலு தடவை படித்த பிறகும் அவளால் நம்ப முடியவில்லை. இவர் இறந்ததற்குப் பதிவு எதுவும் இல்லை என்றிருந்தது.

பெரியப்பா காணாமல் போனார், இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று தந்தி வந்தது நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால். அப்போது அவர் மனைவிக்கு இருபது வயது. ஒரு வருஷம் கழித்து அவளைத் தம்பிக்கே கட்டி வைத்தார்கள். அந்தத் தம்பிதான் இவளுடைய அப்பா. வீட்டில் யாரும் இதை மறைத்ததில்லை. கூடத்தில் பெரியப்பாவின் படம் தொங்கியது. அம்மா சாகும்வரை வாரம் தவறாமல் அதைத் துடைத்தாள். அப்பாவும் இப்போது உயிரோடு இல்லை.

அண்ணனிடம் சொன்னபோது, வேறு வேலை இல்லையா உனக்கு என்று போனை வைத்துவிட்டான். அப்பாவின் அக்காவான அத்தையோ உட்காரக்கூடச் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் இந்தப் படி ஏறாதே என்றாள்.

ஆவணக் காப்பகத்துக் குமாஸ்தாவும் லேசுப்பட்டவர் இல்லை. முதல் நாள் உறவுக்குச் சான்று கேட்டார். கொண்டுபோன அன்றைக்கு, கோப்பு பைண்டிங்கில் இருக்கிறது என்றார். மூன்றாம் தடவை அவள் பெஞ்சை விட்டு அசையவே இல்லை. கடைசியில் கட்டு ஒன்றைத் தூசி பறக்க அவள் முன்னால் போட்டார்.

"பக்கத்தக் கிழிச்சிடாதீங்க. இங்க வர்றவங்க பாதிப் பேரு அதுக்குத்தான் வர்றாங்க."

பெரியப்பா சாகவில்லை. கைதிகள் முகாமில் மூன்றரை வருஷம் இருந்திருக்கிறார். பிறகு விடுதலை. முகாமிலிருந்து வீட்டுக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றுக்கும் நேரே, பெறுபவர் வாங்க மறுத்தார் என்று முத்திரை. கீழே மறுத்தவரின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் கோடு போடும் அந்தக் கையெழுத்தை அவள் பள்ளிக்கூட நாளிலிருந்தே பார்த்திருக்கிறாள். அவளுடைய தையல் டீச்சரே அத்தைதான்.

நகலை எடுத்துக்கொண்டு நேராகப் போனாள். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த அத்தை, தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மடிப்பதைத் தொடர்ந்தாள்.

"முதல் கடுதாசி வந்தப்ப உங்கண்ணன் உங்கம்மா வயித்துல ஆறு மாசம். அப்ப வந்து நான் உசுரோட இருக்கேன்கிறான். அவள நான் என்ன பண்றது? யார் பொண்டாட்டின்னு சொல்றது?"

"அத அம்மாகிட்ட கேட்டிருக்கணும் அத்தை."

"கேட்டிருந்தா அவ அவன்கிட்ட போயிருப்பா. நீ பொறந்திருக்கவே மாட்ட."

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றாள் அத்தை. விடுதலையானவன் ஒருநாள் வந்தானாம். அத்தைதான் தெருமுனையிலேயே வழிமறித்து, உன் பொண்டாட்டி செத்துப்போனாள், உன் தம்பி ஊரை விட்டே போய்விட்டான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாளாம். அதைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு துளி நடுக்கம் இல்லை.

"இன்னிக்கு வந்தாலும் அதையேதான் சொல்லுவேன்."

மடித்து வைத்த துணியை இவள் அப்படியே தரையில் தள்ளினாள். எழுபத்தைந்து வயது மனுஷி மேல் கை வைத்துவிடுவோமோ என்று தன்மேலேயே பயம் வந்தபோது வெளியே வந்துவிட்டாள். பின்னால் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

கோப்பிலிருந்த விடுதலைச் சீட்டில் ஓர் ஊரின் பெயர் இருந்தது. அடுத்த வாரம் ரயிலேறிப் போனாள். பெரியப்பா அங்கே மர ஆலையில் ரம்பத்துக்குப் பல் தீட்டும் வேலை பார்த்து, மறுபடி கல்யாணம் செய்துகொள்ளாமல் வாடகை அறையிலேயே இருந்து, ஆறு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் செத்திருந்தார். நகராட்சிப் பதிவேட்டில் உறவினர் என்ற கட்டத்தில் 'யாரும் இல்லை' என்றிருந்தது. தன் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றாள். பதிவாளர் அம்மாள் கண்ணாடியைத் தூக்கி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத்தன வருஷம் எங்கம்மா போயிருந்தீங்க?"

அவள் படிவத்தை நிரப்பித் தம்பி மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அண்ணனுக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதினாள். குடும்பத்து மானத்தை வாங்கிவிட்டாய் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. இவளும் பேசவில்லை.