ஒரு தடவைதான் கேட்பார்கள்

எங்கள் ஊரில் ஒருவர் எதையாவது கொடுக்க வந்தால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம்தான், ஆனால் குரலைக் கொஞ்சம் இழுத்து. மூன்றாவது தடவையும் கேட்டால், "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா சரி" என்று வாங்கிக்கொள்ளலாம். காப்பி ஆனாலும் கார் ஆனாலும் இதுதான் முறை. கேட்டவுடனே கை நீட்டுகிறவனை மினியாபொலிஸில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். அவன் போன பிறகு சொல்வோம்.

இந்த முறையைக் கட்டிக்கொண்டு என் தம்பி டுவேன் தன் சாப்பாட்டுக் கடையைத் தொலைக்கப் பார்த்தான்.

டுவேனுக்கு அறுபது நெருங்குகிறது. நான் அவனுக்கு மூத்தவள், பெயர் மார்லிஸ். என் கணவர் போன பிறகு அவன் சமைக்க நான் பரிமாறுகிறேன். நகரின் நடுவில், மாநாட்டு மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி, தெருவைப் பார்த்த கடை. தப்பே அதுதான். குளிர்காலத்தில் இங்கே ஒரு ஈ காக்காய் தெருவில் நடக்காது. கட்டடத்துக்குக் கட்டடம் முதல் மாடி உயரத்தில் கண்ணாடிப் பாலங்கள் இருக்கின்றன. மண்டபம், ஹோட்டல், வங்கி, மருந்துக் கடை எல்லாவற்றுக்கும் கோட்டே போடாமல் அந்தப் பாலங்கள் வழியாகவே போய் வந்துவிடலாம். மாநாட்டுக்கு வருகிற கூட்டமெல்லாம் எங்கள் தலைக்கு நேர் மேலே போகும், வரும். கீழே நாங்கள் உப்பு டப்பாக்களை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இத்தனைக்கும் எங்கள் கட்டடத்துக்குள்ளேயே பாலத்திலிருந்து இறங்கி வரப் படிக்கட்டு உண்டு. குளிரில் மூக்கு நுனியைக்கூட நீட்ட வேண்டியதில்லை. மேலே ஒரு பெரிய பலகை மாட்டுடா என்றால், "நம்மளப் பத்தி நாமளே பெருமை அடிச்சுக்கறதா?" என்பான். கடைசியில் ஒரு சின்ன அட்டையில் கடையின் பெயரை எழுதி, தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தான். தீப்பிடித்தால் யாராவது பார்ப்பார்கள்.

கடையைப் போட்டது ஜூன் மாதத்தில். ஜூனில் இந்த ஊரே தெருவில்தான் இருக்கும். ஜூனில் எடுக்கிற முடிவுகளை நம்பக் கூடாது என்று இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

ஜனவரி முடிந்ததும் கடையை மூடிவிடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான். மூடினால் நான் அரிசோனாவில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. அதைச் சொன்னபோது சூப்பைக் கிளறிக்கொண்டே, "வெயில் உனக்கு நல்லது" என்றான். அவ்வளவுதான். எனக்கு வெயில் ஆகாது என்பது அவனுக்குத் தெரியும். அவன் இன்னும் ஏதாவது சொல்வான் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன். அப்புறம் கோடைக்கால உடைகள் வாங்கினேன்.

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களின் மாநாடு நடந்த வாரம் அது. முதல் நாள் மத்தியானம், படிக்கட்டு வழியாக ஒரு பெண்மணி கீழே வந்தாள். கழுத்தில் மாநாட்டு அட்டை, கையில் கசங்கிய கைக்குட்டை, கட்டிப்போன தொண்டை.

"மருந்துக் கடை இதானே?"

"அது மேல இருக்கு மேடம். இடது பக்கம் போயிருக்கணும்."

"சரி. அப்ப இது என்ன வாசனை?"

எங்கள் ஏரிகளில் விளைகிற காட்டரிசியில் செய்த சூப் என்றேன். மருந்துக் கடையை மறந்து உட்கார்ந்துவிட்டாள். சூப்பை முடித்தாள். பிறகு ரொட்டிமேல் மாட்டிறைச்சி அடுக்கி, பக்கத்தில் உருளைக்கிழங்கை மசித்து வைத்து, எல்லாவற்றின் மேலும் கிரேவி ஊற்றித் தருவோமே, அதையும் வாங்கி முடித்தாள். மிச்சமிருந்த கிரேவியைத் துடைக்க இன்னொரு ரொட்டி கேட்டாள். பிறகு சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்றாள்.

டுவேன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "மோசமில்லையே?" என்றான். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. அதைத்தான் அவன் எதிர்பார்த்தான்.

"மோசமா? என்ன சார் பேசறீங்க! நான் நியூ ஜெர்சியிலேருந்து வந்து ரெண்டு நாளா அட்டை மாதிரி சாப்பாட்டத் தின்னுட்டு இருக்கேன். எம் பேரு ரோசலின் டெலுக்கா. இந்த மாநாட்ட நடத்தறதே நான்தான். லிஃப்டப் பத்தி ஒருத்தன் எங்கிட்ட கேக்கறது இல்ல. எல்லாருக்கும் ஒரே கேள்வி, பக்கத்துல நடந்து போற தூரத்துல எங்க நல்லா சாப்பிடலாம்? நாளையிலேருந்து மத்தியானம் எல்லாரையும் இங்க அனுப்பிடறேன். மேடையிலயே சொல்லிடறேன். சரியா?"

டுவேனின் முகம் காது வரை சிவந்தது. அவனுக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும்.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க" என்றான். "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"ஓ" என்றாள் ரோசலின். "சரி, பரவாயில்ல. உங்களுக்கும் வேலை அதிகமா இருக்கும்."

காலியான மேசைகளைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள். மருந்துக் கடைக்கு மறுபடி வழி கேட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் இந்த ஊர்க்காரிதானே! அவள் இரண்டாவது தடவை கேட்பதற்காக நானும்தான் புன்னகையோடு காத்துக்கொண்டு நின்றேன்.

"போயிட்டா" என்றேன்.

"திரும்பி வருவா."

"வரமாட்டாடா. அவ நியூ ஜெர்சி. அங்கெல்லாம் ஒரு தடவைதான் கேப்பாங்க."

"ஒரு தடவை கேக்கறதெல்லாம் ஒரு கேள்வியா? சும்மா மரியாதைக்குக் கேட்டிருப்பா."

"மரியாதைக்கா? தட்ட நக்காத குறையா தின்னுட்டுப் போயிருக்கா!"

"விடு மார்லிஸ். இன்னும் ரெண்டு வாரம்தானே." சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போனான். அன்று முழுக்க நான் அவனோடு பேசவில்லை. கோபம் அவன்மேல் பாதி, என்மேல் பாதி.

மறுநாள் காலை எலுமிச்சை இனிப்புத் துண்டுகளை ஒரு தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு பாலம் வழியாக மண்டபத்துக்குப் போனேன். டுவேனிடம் சொல்லவில்லை. ரோசலின் ஒரு நீள மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் தடித்த கைகளோடு ஆட்கள் வரிசையில் நின்று, சாப்பிட எங்கே போகலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சலிப்போடு மாடிக் கடைகளைக் காட்டிக்கொண்டிருந்தாள். என் முறை வந்தது.

"தொண்டை எப்படி இருக்கு?" என்றேன்.

"தேவலை."

"வெளிய குளிர் ஜாஸ்தி."

"ஆமா."

"நாளைக்கு இன்னும் ஜாஸ்தியாகுமாம்."

அவள் காத்திருந்தாள். எனக்குப் பின்னால் வரிசையும் காத்திருந்தது. நான் தட்டை நீட்டினேன். அவள் உடனே ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. "பிரமாதம். காப்பி வேணுமா உங்களுக்கு?" என்றாள்.

"ஐயோ, வேண்டாம் வேண்டாம்."

சரி என்று அவள் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டாள்.

காலையிலிருந்து நான் காப்பி குடித்திருக்கவில்லை. அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள்மேல் இல்லை. எங்கள் மொத்த ஊர்மேல்.

"எனக்குக் காப்பி வேணும்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "அப்புறம் நேத்து எந்தம்பி வேண்டாம்னு சொன்னானே, அவனுக்கும் வேணும். உங்க ஆளுங்க வேணும். எல்லாரும் வேணும்."

ரோசலின் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப ஏன் வேண்டாம்னு சொன்னாரு?"

"நீங்க இன்னொரு தடவை கேப்பீங்கன்னு இருந்தான்."

"எத்தனை தடவை கேக்கணும்?"

"மூணு."

"மூணா? எங்க ஊர்ல ஒருத்தர்கிட்ட ஒரே விஷயத்த மூணு தடவை கேட்டா போலீஸ் வரும்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நீங்க சொல்றீங்கன்னு நான் இத்தனை பேர அனுப்ப முடியாது. கடை அவரோடது. அவரே சொல்லட்டும்" என்று கைப்பேசியை எடுத்துக் கடையின் எண்ணைக் கேட்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அதை மேசைமேல் வைத்தாள்.

மணி வெகுநேரம் அடித்தது. "டுவேன் கடை" என்றான் என் தம்பி.

"நான் ரோசலின். நேத்து வந்தேனே. ஒரே ஒரு கேள்வி சார், ஒரே ஒரு தடவைதான் கேப்பேன். எங்க ஆளுங்க உங்க கடைக்கு வரணுமா, வேண்டாமா?"

"ஐயோ, இதுக்காகவா நீங்க போன் பண்ணி..."

"வரணுமா, வேண்டாமா?"

அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் பழைய குளிர்ப்பெட்டி உறுமுவது மட்டும் கேட்டது. சொல்லுடா என்று கத்த வாயெடுத்தேன். ரோசலின் கையை உயர்த்தித் தடுத்தாள். இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் கேட்டுப் பழக்கமில்லை. அம்மா எனக்கு ஊற்றுகிற பாலைப் பார்த்துக்கொண்டே நிற்பானே தவிர, தன் தம்ளரை நீட்ட மாட்டான். அவன் போனை வைத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"வரணும்" என்றான்.

"கேக்கல சார். இங்க ஒரே சத்தம்."

அங்கே ஒரு சத்தமும் இல்லை. வரிசை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"வரணும்ங்க" என்றான் டுவேன். "கட்டாயம் வரணும். இல்லேன்னா நான் கடைய மூடிடுவேன். எனக்கு மூட இஷ்டமில்ல."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் பக்கத்தில் இத்தனை நாளாக நிற்கிறேன். மூட இஷ்டமில்லை என்று என்னிடம் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

"அது போதும்" என்றாள் ரோசலின். வரிசையில் எனக்கு அடுத்து நின்ற மனிதர் என் தோளைத் தொட்டு, "அம்மா, கடைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டார்.

மத்தியானம் வந்தார்கள். திமுதிமுவென்று படியிறங்கி வந்தார்கள். பக்கத்திலேயே லிஃப்ட் இருக்கிறதே என்றேன். "அதப் பாத்துட்டுத்தாம்மா படியில வர்றோம்" என்றார் ஒருவர். மேசை போதாமல் ஜன்னல் திண்டில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். சூப் தீர்ந்து, இறைச்சி தீர்ந்து, கடைசியில் வெறும் உருளைக்கிழங்கும் கிரேவியும்தான் இருந்தது. அதற்கும் ஆள் நின்றார்கள். டுவேன் தலை நிமிரவில்லை. வியர்த்துக் கொட்டியது. இன்னும் வேணுமா என்று நான் கேட்டால் எல்லோரும் உடனே ஆமாம் என்றார்கள். முதல் நாள் எனக்கு அதில் மூச்சு முட்டியது. அடுத்த நாள் பழகிவிட்டது.

மாநாடு முடிந்த அன்று சாயங்காலம் ரோசலின் பெட்டியை இழுத்துக்கொண்டு விடைபெற வந்தாள். "பிப்ரவரியில எந்தோழி ஒருத்தி இங்க மாநாடு நடத்தறா. அதுக்கப்புறம் இன்னொருத்தி. அவங்ககிட்ட இந்தக் கடையப் பத்திச் சொல்லட்டுமா?"

டுவேன் துண்டை இரண்டு கையாலும் முறுக்கினான். எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

"சொல்லுங்க" என்றான்.

நாங்களாக இருந்தால் வாசலில் ஒரு மணி நேரம் நின்று பேசியிருப்போம். அவள் எங்கள் இருவரையும் ஒரு தடவை கட்டிப் பிடித்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டுவேன் பெரிய சூப்புப் பாத்திரத்துக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்க்கிற சத்தம் நின்றது.

"மார்லிஸ், நீ அரிசோனாவுக்குப் போகாத" என்றான், திரும்பாமலே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் தன் பழக்கத்தில் போயிற்று. "ஐயோ, நான் இருந்தா உனக்கு எதுக்குடா வீண்..."

"இன்னொரு தடவை கேக்க எனக்குத் தைரியம் இல்ல" என்றான்.

"போகலடா" என்றேன்.

அவன் சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தான். நான் அழுதுகொண்டே மிச்ச மேசைகளையும் துடைத்தேன்.